ஒரே கம்ப்யூட்டர், இரண்டு கீபோர்டு: இரட்டைக் கர்சரா, தனித்தனி சீட்டா?

வீட்டில் இருப்பது ஒரே டெஸ்க்டாப். வேலை இரண்டு பேருக்கு: எனக்கு எழுத்து, தங்கைக்குப் படிப்பும் கணக்கும். இன்னொரு கம்ப்யூட்டர் வாங்காமல், இருப்பதிலேயே இரண்டு கீபோர்டும் இரண்டு மவுஸும் செருகி இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியுமா என்று தேடியபோது லினக்ஸில் இரண்டு வழிகள் கிடைத்தன. இரண்டையும் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். இப்போது இருப்பது இரண்டாவதில். அதன் பக்கம் நான் சாய்ந்திருப்பது கீழே தெரியும்.

இரண்டாவது மவுஸைச் சும்மா செருகினால் ஒன்றும் பிரியாது. விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் எல்லா மவுஸும் ஒரே கர்சரைத்தான் இழுக்கும், எல்லா கீபோர்டும் ஒரே இடத்தில்தான் எழுதும். ஒருவர் சொல்லிக்கொடுக்க மற்றவர் பழகும் நேரத்துக்கு அது போதும்.

முதல் வழி இரட்டைக் கர்சர். லினக்ஸில் திரையையும் கீபோர்டு, மவுஸையும் கையாளும் மென்பொருளுக்கு எக்ஸ் சர்வர் என்று பெயர். பீட்டர் ஹட்டரர் என்ற மென்பொருளாளர் உருவாக்கிய எம்பிஎக்ஸ் (பல கர்சர்களைத் தரும் வசதி) 2009-இல் அதன் எக்ஸ்.ஆர்க் 1.7 பதிப்புடன் வந்தது. எக்ஸ்இன்புட் கட்டளையால் புதிதாக ஒரு 'மாஸ்டர்' ஜோடியை (ஒரு கர்சரும் அதற்கான கீபோர்டும்) உருவாக்கி, இரண்டாவது மவுஸையும் கீபோர்டையும் அதனுடன் இணைத்தால் திரையில் இன்னொரு கர்சர் முளைக்கும். சில நிமிட வேலைதான். ஒரே மானிட்டரில் இரண்டு அம்புகள் தனித்தனியாக ஓடுவதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஃபோகஸ் உண்டு. நான் ஒரு விண்டோவிலும் அவள் வேறொரு விண்டோவிலும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம். ஆனால் பெரும்பாலான விண்டோ மேனேஜர்கள் (விண்டோக்களை அடுக்கி நகர்த்தும் மென்பொருள்கள்) கர்சர் ஒன்றுதான் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. அவள் ஒரு விண்டோவைக் கிளிக் செய்தால் அது மேலே வந்து என்னுடையதை மறைக்கும். பழைய மென்பொருள்களுக்கு இரண்டாவது கர்சர் இருப்பதே தெரியாது. "அண்ணா, நான் அடிக்கிறது உன் பக்கத்துல விழுது" என்று தங்கை சொல்லாத நாள் குறைவு.

இருந்தாலும் நான் அதை விட்டதற்குக் காரணம் அது இல்லை. பராமரிப்புதான். எந்த மவுஸ் யாருடையது என்ற பிணைப்பு எக்ஸ் சர்வரின் நினைவில் மட்டும் இருக்கிறது. லாக்அவுட் செய்தால் போய்விடும். சரி, லாகினில் தானாக ஓடும்படி ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் சிறு தொகுப்பு) எழுதினேன். அடுத்து, மவுஸைக் கழற்றி மாட்டினால் அது புதிதாக வந்த சாதனமாகக் கருதப்பட்டு முதல் ஜோடியிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதன் அடையாள எண்ணும் மாறலாம் என்பதால் ஸ்கிரிப்ட் எண்ணை நம்ப முடியாது, பெயரைத்தான் தேட வேண்டும். நான் வாங்கியிருந்தது ஒரே மாடலில் இரண்டு மவுஸ். இரண்டுக்கும் பெயர் ஒன்றே. எது அவளுடையது, எது என்னுடையது என்று ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்? யூஎஸ்பி கேபிள் கொஞ்சம் தளர்ந்தால் போதும், நான் எழுந்துபோய் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறக்க வேண்டும். நான் வீட்டில் இல்லாதபோது அவளால் சரிசெய்ய முடியவில்லை. ஒரு தேர்வுக்கு முந்தைய மாலை அப்படி நடந்தது. அன்றே இதை மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

இரண்டாவது வழி மல்டிசீட். இங்கே பிரிவது கர்சர் மட்டுமல்ல, ஆளுக்கொரு மானிட்டர், ஆளுக்கொரு லாகின். ஒருவருக்கான மானிட்டர், கீபோர்டு, மவுஸ் சேர்ந்ததுதான் ஒரு 'சீட்'. இதற்குச் செலவு உண்டு: பொதுவாக ஒவ்வொரு சீட்டுக்கும் தனி கிராபிக்ஸ் சாதனம் வேண்டும். என்னிடம் மதர்போர்டில் உள்ளதோடு ஒரு பழைய கார்டும் இருந்தது. கார்டைச் செருகியதும் மதர்போர்டின் கிராபிக்ஸ் அணைந்துவிட்டது. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புகளில் தேடி அதை மீண்டும் இயக்க அரை நாள் போனது.

அதன்பின் எல்லாம் லினக்ஸில் லாகின்களை நிர்வகிக்கும் லாகின்டி (சிஸ்டம்டியின் ஒரு பகுதி) பார்த்துக்கொண்டது. வழக்கமான சீட்டுக்கு 'சீட்0' என்று பெயர். கார்டையும் ஒரு யூஎஸ்பி ஹப்பையும் 'சீட்1'-க்குக் கட்டளையால் ஒதுக்கினேன். அந்த ஒதுக்கீடு, செருகும் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற பகுதிக்கான விதியாக ஒரு கோப்பில் எழுதப்பட்டுவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தாலும் அழியாது. விதி பார்ப்பது மவுஸின் பெயரை அல்ல, அது எந்தப் போர்ட்டின் வழியாக வருகிறது என்பதை. முழு ஹப்பையும் ஒதுக்கியதால் அதில் எதைச் செருகினாலும் அது தங்கையுடையது: மவுஸ், கீபோர்டு, யூஎஸ்பி ஹெட்செட், எதுவானாலும். ஒரே மாடல் மவுஸ் இரண்டு இருப்பதும் இப்போது பிரச்சினை இல்லை. கேபிள் கழன்றால் அவளே திரும்பச் செருகிக்கொள்கிறாள், வேலை தொடர்கிறது. டெர்மினலைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. எனக்கு இந்த ஒன்றே போதும்.

குறைகள் இருக்கின்றன. ஷட்டவுன் இருவருக்கும் பொது. மற்றவரும் லாகினில் இருக்கும்போது அணைக்க முயன்றால் எங்கள் கணினி நிர்வாகி பாஸ்வேர்டு கேட்கிறது, அதனால் தவறுதலாக அணைவதில்லை. ஆனால் மெமரி ஒன்றுதான். அவள் பிரவுசரில் நிறைய டேப் திறந்தால் என் பக்கமும் மந்தமாகும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் உறைந்துபோனால் இரண்டு பேர் வேலையும் நிற்கும். கன்ட்ரோல், ஆல்ட்டுடன் எஃப் விசையை அழுத்தி எழுத்துத் திரைக்குப் போகும் வசதியும் சீட்0-க்கு மட்டுமே.

நான் ஓட்டியது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் திறமூல டிரைவருடன் மட்டும். வேறு டிரைவர்களைப் பற்றி என் பேச்சை நம்பி கார்டு வாங்க வேண்டாம். விண்டோஸில் ஆஸ்டர் என்ற கட்டண மென்பொருள் இதே வேலையைச் செய்கிறது, நான் பயன்படுத்தியதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் இதே போன்ற வசதியான மல்டிபாயிண்ட் சர்வீசஸ் விண்டோஸ் சர்வர் 2016-இல் இருந்தது, 2019-இல் நீக்கப்பட்டது. எக்ஸ் சர்வருக்குப் பதிலாக வந்த வேலேண்டில், ஸ்வே என்ற விண்டோ மேனேஜர் ஒரே திரையில் பல கர்சர்களை அனுமதிக்கிறது. ஒரு வாரம்தான் பார்த்தேன். அமைப்பு கோப்பில் நிலைக்கிறது என்பது எம்பிஎக்ஸைவிட நல்லது. ஆனால் அங்கும் சாதனத்தை அறிவது தயாரிப்பு எண்ணையும் பெயரையும் வைத்துத்தான், ஆகவே ஒரே மாடல் மவுஸ் இரண்டு இருந்தால் பழைய சிக்கல் திரும்பும்.

ஒரே படத்தை இருவர் சேர்ந்து வரைய வேண்டும், மானிட்டரும் ஒன்றுதான் என்றால் மல்டிசீட் உதவாது, இரட்டைக் கர்சர்தான் வழி. அப்போது வெவ்வேறு மாடல் மவுஸ்களாக வாங்குங்கள். மல்டிசீட் என்றால் ஹப் செருகிய போர்ட்டின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வையுங்கள். தூசி தட்டும்போது அது வேறு போர்ட்டுக்கு மாறினால் எல்லாம் சீட்0-க்குத் திரும்பிவிடும். எங்கள் வீட்டில் அந்தக் காகிதத்தில் தங்கையின் கையெழுத்து.