புராஸ்டேட்டுக்குப் போன இடத்தில் இன்னொரு அடைப்பு

வயசு 71, ரிட்டயர்டு கண்டக்டர். மதுரையில் நான் காட்டிய யூராலஜி (சிறுநீரகம், மூத்திரப் பாதைக்கான) பிரிவைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் ஆஸ்பத்திரி பேர் வேண்டாம்.

மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரத்தை அடைக்கிறது என்று, ஊரில் எட்டு மாசம் அதற்கான டாம்சுலோசின் மாத்திரை தின்றேன். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் எனக்குப் பின்னால் வந்தவன் போய்விட்டுக் கை கழுவும்போதும் நான் நின்றுகொண்டே இருப்பேன். பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை அளவு ஏறி, பயாப்ஸியில் (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) புற்றுநோய் என்று வந்ததும், எல்லாம் புராஸ்டேட் வேலைதான் என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டோம்.

இங்கே முதலில் யூரோஃப்ளோ, அதாவது மூத்திரம் போகும் வேகத்தை அளக்கும் சோதனை. வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, முட்டிக்கொண்டு வரும்போது மெஷினில் உள்ள புனலில் போகணும். "முக்காதீங்கப்பா, எப்பவும் போல போங்க" என்றது நர்ஸ் பொண்ணு. தாளில் கோடு குன்று மாதிரி ஏறி இறங்கணுமாம். எனக்கு மேசை மாதிரி தட்டையாக நீண்டது. நொடிக்கு 6 மில்லி. 15 வரணும்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது: "ஐயா, முன்னாடி எப்பவாவது யூரின் ட்யூப் போட்டிருக்காங்களா?" பைபாஸ் செய்தபோது போட்டார்கள். அதில் பட்ட பழைய காயம் மூத்திரக் குழாயைச் சுருக்கியிருக்கலாம் என்றார். மருந்து ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயில் அரை அங்குலச் சுருக்கம் தெரிந்தது.

புற்றுநோய்க்குக் கொடுக்கவேண்டிய ரேடியேஷனைத் தள்ளிவைத்தார். அடைப்போடு கொடுத்தால் வீக்கத்தில் மூத்திரம் மொத்தமாக நின்றுவிடலாம், ரேடியேஷன் பட்ட இடம் பிறகு லேசில் ஆறாது என்றார். அதுவரை புற்றுநோயை அடக்கிவைக்க மூன்று மாசத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, கேமரா விட்டுச் சுருக்கத்தைக் கீறிவிட்டார். ட்யூப் ஐந்து நாள். "திரும்ப வராதுன்னு சொல்லமாட்டேன், வந்தா கன்னத்து உள்தோலை எடுத்து ஒட்டணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ட்யூப் போட்ட சூட்டில் பி.எஸ்.ஏ. பார்க்காதீங்க, கூடத்தான் காட்டும் என்றும் தடுத்தார். போன வாரம் அதே மெஷினில் நொடிக்கு 17 மில்லி. ரேடியேஷனுக்குத் தேதி கொடுத்தாயிற்று.

குறை? மெஷின் ஒன்றே ஒன்று. தண்ணீர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடக்க முடியாதவர்கள் ஓடினால் கழிப்பறை மாடியின் அந்தக் கோடியில். டோக்கன் கூப்பிட்ட பிறகு குடியுங்கள். பேண்ட் வேண்டாம், வேட்டியில் போங்கள்.