செப்பிலோக்கா, செமெங்கோவா? ஓராங் ஊத்தான் பாக்க நாங்க போன ரெண்டு இடம்

மலேசியாவுல ஓராங் ஊத்தான் பாக்கணும்னா முதல்ல ரெண்டு பேருதான் வரும். சரவாக்ல கூச்சிங் பக்கத்துல செமெங்கோ, சபாவுல சண்டாக்கான் பக்கத்துல செப்பிலோக். நாங்க குடும்பத்தோட ரெண்டுக்கும் போயாச்சு, 2018 டிசம்பர்ல செமெங்கோ, 2023 ஆகஸ்ட்ல செப்பிலோக். மறுபடி காசு போட்டு போறதுன்னா நான் செப்பிலோக்குக்குத்தான் போவேன்.

போறதுக்கு சுலபம் செமெங்கோ. கூச்சிங் டவுன்ல இருந்து 20 கிலோமீட்டர் சொச்சம், கிராப் டாக்சி போட்டு போய் அரை நாள்ல முடிச்சுட்டு கூச்சிங் நூடுல்ஸ் கோலோ மீ சாப்பிட வந்துடலாம். செப்பிலோக்கும் சண்டாக்கான்ல இருந்து 25 கிலோமீட்டர்தான், ஆனா சண்டாக்கானுக்கே ஃபிளைட் கம்மி. டிக்கெட் நம்ம ஐசிக்கு, அதான் மலேசிய அடையாள அட்டைக்கு, ரெண்டு இடத்துலயும் கொஞ்ச வெள்ளிதான் (ரிங்கிட்). ஐசின்னதும் ஞாபகம் வருது, நம்ம நாடுதானேன்னு அதை வீட்ல வச்சுட்டு கிளம்பிடாதீங்க, ரெண்டு ஸ்டேட்லயும் இமிகிரேஷன் கவுண்டர் உண்டு.

இப்ப விஷயத்துக்கு வரேன். பழ சீசன்.

ரெண்டு இடத்துலயும் நாளைக்கு ரெண்டு வேளை மேடையில சாப்பாடு வைப்பாங்க, காட்டுக்குள்ள திரியிறது வந்தா வரும், வராட்டி இல்ல. வருஷக் கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் சரவாக் காட்டுல பழம் காய்ச்சு தொங்கும்போது அதுங்க எதுக்கு வாழைப்பழத்துக்கு இறங்கி வரணும்? நாம லீவு கிடைக்குதுன்னு போறது சரியா அந்த டிசம்பர்லதான். காலையில 9 மணிக்கு போய் நின்னோம், ரேஞ்சர் காட்டைப் பாத்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு, ஒரு மணி நேரம் ஆச்சு, அணில்தான் வந்துச்சு. விடாம மத்தியானம் 3 மணிக்கு திரும்பப் போனோம், அப்ப ஒரு தாய் மட்டும் குட்டியை இடுப்புல வச்சுக்கிட்டு தூரத்து மரத்துல எட்டிப் பாத்துட்டு போயிருச்சு. கவுண்டர்லயே வராமலும் போகலாம்னு சொல்லித்தான் விட்டாங்க, அதனால குறை சொல்ல முடியாது, இருந்தாலும் கிள்ளான்ல இருந்து நாலு டிக்கெட் போட்டுப் போன வயித்தெரிச்சல் இருக்கே.

செப்பிலோக்ல இந்த பயம் பாதி குறையும், நர்சரி இருக்கிறதால. தாய் இல்லாத குட்டிங்களுக்கு மரம் ஏறப் பழக்குற இடம் அது, நாம ஏர்கான் ரூம்ல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாக்கலாம். காட்டுல ஒரு குட்டி ஆறேழு வருஷம் அம்மாகூடவே திரிஞ்சுதான் எல்லாம் கத்துக்கும், அதை இங்க மனுஷங்க சொல்லிக் குடுக்கணும்னா எவ்ளோ நாள் ஆகும்னு யோசிங்க. ஒண்ணு கயித்துல தலைகீழா தொங்கி இன்னொண்ணோட காலை இழுத்துக்கிட்டே இருந்துச்சு, எங்க சின்னவ கண்ணாடியை விட்டு நகரவே மாட்டேன்னுட்டா. மேடையில வைக்கிற சாப்பாடு வேணும்னே தினமும் ஒரே மாதிரிதான் இருக்குமாம், சலிச்சுப் போய் தானா காட்டுல தேடட்டும்னு. காலை டிக்கெட்லயே மத்தியானமும் பாக்கலாம், நாங்க 10 மணிக்கும் 3 மணிக்கும் நின்னோம், ரெண்டு தடவையும் வந்துச்சு.

ஆனா ஒண்ணு, நாங்க செப்பிலோக் போனது ஆகஸ்ட்ல. டிசம்பர்ல போயிருந்தா மேடை அங்கயும் காலியா இருந்திருக்கலாம், அதனால மேடையை வச்சு ரெண்டையும் எடை போட்டா நியாயமா இருக்காது. நான் சொல்றது நர்சரியை வச்சுத்தான்.

1975-ல ஆரம்பிச்ச செமெங்கோவுல இப்ப குட்டிங்களைப் பழக்குற வேலை நடக்கல, 653 ஹெக்டர் காடு அதுங்களுக்கே சரியா போச்சு, அந்த வேலை சரவாக்லயே இருக்கிற மாத்தாங் மையத்துக்குப் போயிருச்சு. அங்க இருக்கிறதுங்க கிட்டத்தட்ட சுதந்திரமா வாழுதுங்க. எங்க பெரியவன் இன்னும் செமெங்கோதான் பெஸ்ட்டுங்குறான், கண்ணாடிக்குப் பின்னாடி பாக்கறது ஸூ மாதிரி இருக்காம். அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, நாலு வயசு தங்கச்சிக்கு அது புரியாது.

எங்க போனாலும் சளி இருமலோட போகாதீங்க, நம்ம வியாதி அதுங்களுக்கு தொத்தும். செப்பிலோக்ல பையை லாக்கர்ல வச்சுடுங்க, மேடைக்கு வர்ற குரங்குங்க பிடுங்கிடும். கார் பார்க்குக்கு எதிர்லயே சூரியக் கரடி மையம் இருக்கு, டிக்கெட் தனி, 10 மணிக்கும் 3 மணிக்கும் நடுவுல இருக்கிற நேரத்தை அங்க ஓட்டிடலாம்.