சுருளை அளக்க எல்சிஆர் மீட்டரா, ஒத்ததிர்வு முறையா?

உதகையில் வானொலிச் சுற்றுகளைத் தாமே கட்டுவோருக்கு மின்தூண்டல் எண், மின்தேக்குத்திறன், மின்தடை ஆகியவற்றை அளந்து காட்டும் எல்சிஆர் மீட்டர் விரைவான துணை. ஆயினும், அளக்கும் அதிர்வெண் சுருளின் தன்-ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் (கம்பிச் சுற்றுகளுக்கிடையே தானாக அமையும் சிதறல் மின்தேக்குத்திறனோடு சுருள் ஒத்ததிரும் அதிர்வெண்) பத்தில் ஒரு பங்காக இருக்கையில் மின்தூண்டல் எண்ணை 1 சதவீதமே மிகைப்படுத்தும் அக்கருவி, பாதியை எட்டும்போது 33 சதவீதம் கூட்டிக் காட்டிவிடும்.

ஒத்ததிர்வு முறைக்குப் பொறுமை வேண்டும். மதிப்பு தெரிந்த மின்தேக்கிகளை ஒவ்வொன்றாகச் சுருளுக்கு இணையாகச் சேர்த்து, ஒத்ததிர்வு அதிர்வெண்ணுடைய இருமடியின் தலைகீழியை மின்தேக்குத்திறனுக்கு எதிராக வரைந்தால், கோட்டின் சாய்விலிருந்து உண்மையான மின்தூண்டல் எண்ணும், அது கிடையச்சை வெட்டும் இடத்திலிருந்து சுருளின் சிதறல் மின்தேக்குத்திறனும் தனித்தனியே கிடைக்கின்றன. மூடுபனிக் காலத்தில் பருத்தி நூல் சுற்றிய கம்பி ஈரத்தை உறிஞ்சி அச்சிதறலை உயர்த்துவதால், மலையில் எனக்கு இம்முறையே நம்பகமானது. மில்லிஹென்றி அளவிலான சுருளை 1 கிலோஹெர்ட்சில் அளப்பதற்கு மீட்டரே போதும்.