ஒவ்வாமை உண்டு என்றோம். 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள்

ஏற்காட்டிலிருந்தும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் சிகிச்சைக்காகச் சேலத்துக்கு இறங்கி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் என் அத்தைக்குக் காலில் கத்தி பட்டுக் காயம் சீழ் வைத்துவிட்டது. முழங்கால்வரை வீங்கிக் காய்ச்சலும் கண்டதால் நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அத்தைக்குப் பென்சிலின் ஆகாது. பல ஆண்டுகளுக்கு முன் மலையில் போட்ட ஊசியில் உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியிருக்கிறது. அப்போது பார்த்த மருத்துவர் அதை ஒரு நோட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்த நோட்டை வரவேற்பில் காட்டினோம். வார்டில் சொல்லுங்கள் என்றார்கள். வார்டில் இருந்த சிஸ்டர், டாக்டர் வரும்போது சொல்லுங்கள் என்றார். டூட்டி டாக்டர் அதைக் கையில் வாங்கவே இல்லை. "எந்த மருந்து கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியாதா? நீங்கள் டாக்டருக்குப் படித்தவரா?" என்றார். அத்தை வாயை மூடிக்கொண்டார். படித்தவர்கள் அதட்டினால் அடங்கிப் போவது அவருடைய வழக்கம்; அது அங்கே இருந்த எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ட்ரிப்ஸில் ஏற்றியது பிப்பராசிலின். அது பென்சிலின் வகையைச் சேர்ந்தது. சற்று நேரத்தில் அரிப்பு தொடங்கியது. "ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஓடி வந்தார்கள். உடனே ட்ரிப்ஸை நிறுத்தித் தொடையில் அட்ரினலின் போட்டவர் ஓர் இளம் நர்ஸ். அத்தை உயிரோடு இருப்பது அவரால்தான். மருந்தை ஏற்றும் முன்பே தமக்குச் சந்தேகம் வந்ததாகவும், டாக்டர் எழுதியதைக் கேள்வி கேட்டால் திட்டு விழும் என்று பேசாமல் இருந்ததாகவும் அவரே பிறகு மெதுவாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சந்தேகம் கேட்கிற நர்ஸையும் நோயாளியையும் ஒரே மாதிரி அதட்டுகிற இடத்தில், மருந்து மாறினால் தடுப்பதற்கு யாரும் மிஞ்சமாட்டார்கள்.

இதுவரை நடந்ததைக் கவனக்குறைவு என்று சொல்லலாம். அடுத்து நடந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஐ.சி.யூ. கட்டணம் முழுவதையும் எங்கள் பில்லில் சேர்த்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'திடீர் ஒவ்வாமை' என்று மட்டும் இருந்தது. எந்த மருந்தால் என்று ஓர் எழுத்துகூட இல்லை. நாளை வேறொரு மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு அதே மருந்தை எழுதினால் என்ன ஆகும்? கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டோம். அது மருத்துவமனையின் சொத்து, வெளியே தரும் வழக்கம் இல்லை என்றார் மேலாளர்.

வழக்கம் இல்லையாம்! மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளியின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். விதியைக் குறிப்பிட்டு அத்தையின் கையெழுத்தோடு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினோம். நகல் வந்தது. அதன் முதல் பக்கத்தில் 'மருந்து ஒவ்வாமை: இல்லை' என்று எழுதியிருந்தது. சிவப்பு மை நோட்டைக் காட்டி மூன்று பேரிடம் மன்றாடிய பிறகு எழுதிய 'இல்லை' அது.

ஆகவே, சேரும்போது வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். கேஸ் ஷீட்டில் ஒவ்வாமைக்கான கட்டத்தில் மருந்தின் பெயரை எழுத வைத்து, உங்கள் கண்ணால் பார்த்த பிறகு ட்ரிப்ஸுக்குக் கையை நீட்டுங்கள். எழுத மறுத்தால், நீங்கள் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். ஒவ்வொரு மருந்தின் பெயரையும் கேளுங்கள். பென்சிலின் ஆகாதவர்கள், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பிப்பராசிலின் என்று 'சிலின்' எனப் பெயர் முடிந்தாலே நிறுத்திக் கேட்க வேண்டும். டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துவிடலாம் என்பார்கள். முன்பே மூச்சுத் திணறியவருக்கு அந்தச் சிறு அளவே ஆபத்தாகலாம்.

தனியார் மருத்துவமனை பற்றிய புகாரை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்கலாம். மருத்துவர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் தனியாக முறையிடலாம். பணம் வாங்கிக்கொண்டு தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

புகார் கொடுத்த பிறகு மேலாளர் தொலைபேசியில் அழைத்து, ஐ.சி.யூ. பணத்தைத் திருப்பித் தருகிறோம், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அந்த 'இல்லை'யைத் திருத்தி, மருந்தின் பெயரோடு புதிய சம்மரி தரச் சொன்னார் அத்தை. அதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை. மனுவை நாங்கள் திரும்பப் பெறவில்லை.