பள்ளி பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் யாரிடம் கேட்பது?

பள்ளி பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் பறிபோவது நூலகர், இசை, ஓவியம், மனநல ஆலோசகர். செலவில் பெரும்பங்கு சம்பளமாகப் போவதால் வெட்டுவதற்கு வேறு இடம் அதிகம் இல்லை. அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் நடப்புச் செலவில் சம்பளமும் பணிப்பயன்களும் மட்டுமே ஏறத்தாழ 80 விழுக்காடு. ஆகவே நிர்வாகம் வெளியே உதவி தேடுகிறது. தட்டக்கூடிய கதவுகள் மூன்று: வணிக நிறுவனம், பெற்றோர் நிதி, உள்ளூர்ச் சேவை அமைப்பு. அவசரத்தில் எல்லாவற்றையும் 'சமூகப் பங்களிப்பு' என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் பள்ளியிடம் கேட்கும் விலை வேறு.

நிறுவனத்தின் உதவி விரைவாக வரும், பெரிதாகவும் வரும். 1990-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சேனல் ஒன்' பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் செயற்கைக்கோள் கருவிகளையும் இலவசமாகத் தந்தது. பதிலுக்கு நாள்தோறும் 12 நிமிட நிகழ்ச்சியை வகுப்பில் காட்ட வேண்டும். அதில் 2 நிமிடம் விளம்பரம். 2018 வரை அது நீடித்தது. மாணவரின் வகுப்பு நேரத்தை விற்க எந்தப் பள்ளிக்கும் உரிமை கிடையாது என்பதே என் கருத்து. நிபந்தனையின்றி வரும் கணினியையும் ஆய்வகக் கருவியையும் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதிக்கொண்டு.

பெற்றோர் நிதியில் இந்தச் சிக்கல் இல்லை. தேவை என்ன என்பது கொடுப்பவர்களுக்கே தெரியும். கலிபோர்னியாவில் 1978-இல் வாக்காளர்கள் ஏற்ற 'முன்மொழிவு 13' என்ற சட்டம், பள்ளிகளுக்கு நிதி தந்த சொத்து வரிக்கு வரம்பு கட்டியபின் பள்ளிகளுக்கான உள்ளூர் அறக்கட்டளைகள் பெருகின. ஆனால் வசதியான பகுதிப் பள்ளிக்கு நூலகரும் இசை ஆசிரியரும் கிடைக்க, அடுத்த பகுதிப் பள்ளிக்குக் கதவு பூட்டிய நூலகம்தான் மிஞ்சும். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது: ஒரு பள்ளி திரட்டும் முதல் 10,000 டாலருக்கு மேற்பட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போய், தேவை மிகுந்த பள்ளிகளுக்குப் பகிரப்பட்டது. சாண்டா மோனிகா - மாலிபு கல்வி மாவட்டம் 2011-இல் இன்னும் ஒரு படி மேலே போய், பணியாளர்களுக்கான நன்கொடையை மாவட்டம் முழுமைக்கும் பொதுவாக்க முடிவெடுத்தது. மாலிபு பெற்றோர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். தன் குழந்தைக்கென்று கொடுத்த பணம் வேறிடம் போகும்போது மனம் வலிப்பது இயல்புதான். ஆயினும் பொதுப் பள்ளி என்றால் மாவட்டத்தின் முடிவே சரி.

மூன்றாவது கதவே என் தேர்வு. இங்கே பள்ளிக்குள் வருவது பணமல்ல, ஆட்கள்: மருத்துவர், பல் மருத்துவர், மாலை நேர வகுப்பு எடுப்பவர். நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் 1992-இல் ஒரு குழந்தைகள் நல அமைப்பும் கல்வித் துறையும் இப்படி ஒரு நடுநிலைப் பள்ளியைத் தொடங்கின. 2014-இல் அந்நகரம் இந்த முறையைப் பெரிய அளவில் விரிவாக்கியது. ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இப்பள்ளிகளில் வருகைப்பதிவு உயர்ந்ததைக் கண்டறிந்தது. பல்வலியோடு வீட்டில் கிடக்கும் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல ஆசிரியராலும் பாடம் நடத்த முடியாதல்லவா?

இதற்கும் செலவு உண்டு. வருபவர்களை ஒருங்கிணைக்கச் சம்பளம் பெறும் ஒருவர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தலைமையாசிரியரின் நாள் முழுவதும் தன்னார்வலர்களுக்கு அறை ஒதுக்குவதிலேயே கழியும். கூட்டாளியின் சொந்த நிதி வற்றினால் சேவையும் நிற்கும். ஒப்பந்தத்தில் முடிவுத் தேதியும் அதற்குப் பிந்தைய ஏற்பாடும் இருக்க வேண்டும்.

ஆசிரியர் சம்பளத்தை மட்டும் இம்மூன்றில் எதை நம்பியும் விடக்கூடாது. நன்கொடையால் நிரம்பிய இடத்தை அடுத்த ஆண்டு நிதி ஒதுக்குபவர்கள் பற்றாக்குறையாகவே கணக்கில் கொள்ள மாட்டார்கள். அதனால் வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் உதவியையும் பட்ஜெட்டில் 'இந்த ஆண்டுக்கு மட்டும்' என்று தனி வரியில் காட்டுங்கள். அரசு தர வேண்டிய தொகையை அதற்கு மேலே, குறைக்காமல் எழுதுங்கள்.