சின்னக் குழுக்களைத் தேட: மாஸ்டடானா, லெம்மியா?

மாஸ்டடானும் லெம்மியும் பல தனித்தனி சர்வர்களில் ஓடும் சமூக வலைத்தளங்கள். இரண்டும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில்தான் (சர்வர்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது முறை) ஓடுகின்றன. ஆனால் ஒரே ஆர்வமுள்ள நாலு பேரைக் கண்டுபிடிக்கும் வழி முற்றிலும் வேறு.

2016இல் வந்த மாஸ்டடான் ஆட்களையும் ஹேஷ்டேகுகளையும் நம்பி நடப்பது. 4.0 பதிப்பிலிருந்து ஹேஷ்டேகையே பின்தொடரலாம். பாசி வளர்ப்போ பழைய தட்டச்சுப்பொறியோ, யார் எழுதினாலும் உங்கள் ஓடையில் (பதிவுகள் வரிசையாக வரும் பக்கத்தில்) வரும். ஆனால் உங்கள் சர்வருக்கு வந்துசேர்ந்த பதிவுகள் மட்டுமே தெரியும். சின்ன சர்வர் என்றால் நிறைய தப்பிப்போகும். அதனால் அந்தத் துறைக்கென்றே நடத்தப்படும் சர்வரில் கணக்குத் தொடங்குவது நல்லது. அங்கே உள்ளூர் ஓடையே, அதாவது அந்த சர்வர்க்காரர்களின் பதிவுகள் மட்டும் வரும் ஓடையே, ஒரு குழு மாதிரிதான்.

லெம்மியில் குழுக்கள் தனித்தனியாகவே இருக்கின்றன, ரெடிட் போல. பழைய விவாதங்களைப் புரட்டவும் வசதி. சிக்கல் என்னவென்றால், 'அனைத்தும்' பக்கத்தை மீம்களும் செய்திகளும் அடைத்துக்கொள்ளும். 0.19 பதிப்பில் வந்த 'ஸ்கேல்டு' வரிசைமுறை சின்னக் குழுக்களை மேலே தூக்கிவிடுகிறது. முதலில் வரிசைமுறையை அதற்கு மாற்றிவையுங்கள். அப்புறம், உங்கள் சர்வரில் இதுவரை யாரும் தொடாத குழு தேடலில் வராது. பல சர்வர்களின் குழுக்களைப் பட்டியலிடும் லெம்மி எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடி, அந்தக் குழுவின் முழு முகவரியை உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்ட வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், மாதத்தில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

தலைப்பு தெளிவாக இருந்தால் லெம்மி, மனிதர்கள் முக்கியம் என்றால் மாஸ்டடான் என்பேன். மாஸ்டடானிலிருந்தே லெம்மி குழுவைப் பின்தொடரலாம்தான். குழுவின் பதிவுகள் உங்கள் ஓடையில் வந்து கொட்டும், அவ்வளவுதான்.