டான்டே, ஏஇஎஸ்67, மிலன்: கஷ்டம் யார் தலையில்?

மேடையில் 32 மைக், அரங்கின் பின்கோடியில் மிக்சர். இடையில் முன்பு மணிக்கட்டுத் தடிமனில் மல்ட்டிகோர் கேபிள் (பல கம்பிகளை ஒன்றாகச் சேர்த்த கேபிள்) ஓடியது. இன்று ஒரேயொரு நெட்வொர்க் கேபிள். ஆனால் செருகியவுடன் ஒலி வந்துவிடாது. எந்தச் சேனல் எங்கே போக வேண்டும், எல்லாக் கருவிகளும் ஒரே நேரக்கணக்கில் இயங்க எந்தக் கடிகாரத்துக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பதை முதலில் அமைத்தாக வேண்டும். நெட்வொர்க் வழியே ஒலியை அனுப்பும் முறைகளான டான்டே, ஏஇஎஸ்67, மிலன் மூன்றுக்கும் ஒலித்தரத்தில் என் காதுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. இந்த அமைக்கும் வேலையில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

ஆஸ்திரேலியாவின் ஆடினேட் உருவாக்கிய டான்டேயில் வேலை மிகச் சுலபம். டான்டே கன்ட்ரோலர் திரையில் ஒரு கட்டம் விரியும்: மேலே அனுப்பும் கருவிகள், இடப்பக்கம் பெறும் கருவிகள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சொடுக்கினால் பச்சை டிக் விழும், ஒலி வந்துவிடும். தலைமைக் கடிகாரத்தைக் கருவிகள் தாமே தேர்ந்துகொள்ளும். ஐபி முகவரியையும் தாமே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இந்த இணைப்பு பெயரை நம்பி நிற்கிறது. மேடையில் மைக்குகளைச் செருகும் "மேடை-1" என்ற பெட்டியின் பெயரை மாற்றினால் பச்சை டிக் மஞ்சள் முக்கோணமாகிவிடும். இதே குணம் ஆபத்தில் கைகொடுக்கும். பெட்டி பழுதானால், அதே வகையான மாற்றுப் பெட்டிக்கு அதே பெயரைச் சூட்டுங்கள். அறுந்த இணைப்புகள் தாமாக ஒட்டிக்கொள்ளும். நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச் பெட்டி டான்டேக்குச் சாதாரணமானதே போதும் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒரு மண்டபத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்று ஒலி வெட்டிக்கொண்டே இருந்தது. கேபிள்களையெல்லாம் மாற்றிப் பார்த்து அலுத்த பிறகுதான் தெரிந்தது, ஸ்விட்சில் மின்சிக்கன வசதி இயங்கிக்கொண்டிருந்தது. போர்ட் கண்ணயர்ந்தால் கடிகாரம் தடுமாறும். அன்றிலிருந்து ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்ததும் அதைத்தான் முதலில் அணைக்கிறேன்.

2013இல் வெளியான ஏஇஎஸ்67, வெவ்வேறு முறைகள் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி. கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் வழியை அது கட்டாயமாக்கவில்லை. அதனால் சில கருவிகளில் ஒலியோட்டத்தின் விவரக் குறிப்பை நாமே நகலெடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். கடிகாரமும் வேறு: கருவிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் பிடிபி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பில் டான்டே ஓட, இது இரண்டாம் பதிப்பைக் கேட்கும். எந்தத் தரவை முதலில் அனுப்ப வேண்டும் என்று ஸ்விட்சுக்குச் சொல்லும் முன்னுரிமை எண்கள் அதைவிடத் தலைவலி. டான்டே 46ஐ ஒலிக்கு வைத்திருக்கிறது, ஏஇஎஸ்67 அதே 46ஐக் கடிகாரத்துக்கு வைத்திருக்கிறது. கவனிக்காமல் விட்டால் ஒன்றின் ஒலியும் மற்றதன் கடிகாரமும் ஒரே வரிசையில் முட்டிக்கொள்ளும். இதைப் பாலமாகத்தான் பயன்படுத்துவேன், வீடாக அல்ல.

அவ்னு கூட்டமைப்பின் மிலன் எதிர்த்திசையில் போகிறது. ஏவிபி (ஒலி, ஒளிக்குப் பாதையில் இடம் ஒதுக்கும் நெட்வொர்க் தரநிலை) தெரிந்த ஸ்விட்ச் கட்டாயம். கடையில் கிடைக்கும் மலிவுப் பெட்டி உதவாது. அந்தச் செலவுக்கு ஈடாக, ஒவ்வோர் ஒலியோட்டத்துக்கும் ஸ்விட்சே பாதையில் இடம் பிடித்துவைக்கிறது. இணைப்பின் கொள்ளளவில் 75 சதவீதம் வரை இப்படி ஒதுக்கலாம். பக்கத்தில் யாராவது பெரிய வீடியோவை இறக்கினாலும் ஒலி அசையாது. முன்னுரிமை எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஹைவ் என்ற இலவச மென்பொருளில் இணைக்கும்போது மட்டும் கவனம் தேவை: ஒலியோட்டத்தை இணைத்த பிறகு, ஒவ்வொரு கருவியும் எதிலிருந்து ஒலிக்கடிகாரத்தைப் பெற வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

ஸ்பீக்கர்களும் ஸ்விட்சுகளும் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட பெரிய அரங்கம் என்றால் மிலனைத்தான் சொல்வேன். ஊர் ஊராகப் போகும் குழுவுக்கு டான்டே. நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் இருக்கும்போது ஒருவர் விண்டோஸ் மடிக்கணினியோடு வந்து, "அண்ணா, அப்படியே எல்லா சேனலையும் பதிவு செய்ய முடியுமா?" என்று கேட்பார். டான்டேயின் மென்பொருள் சவுண்ட் கார்டுக்கு உரிமம் வாங்கி வைத்திருந்தால், ஒரு கேபிளைக் கொடுத்து அவரை உட்காரவைக்கலாம். வைஃபையில் முடியுமா என்றும் கேட்பார். முடியாது.